கொண்டல் கம்பெனி நகர்ந்த கச்சான் காலம்

கச்சான் காற்று மேற்கேயிருந்து கிளம்பி வந்து, தேரிக்காட்டுச் செம்மண்ணையும் உப்பளத்து வெள்ளைத்தூளையும் ஒன்றாகக் குழைத்து, தூத்துக்குடியில் எல்லார் வீட்டுச் சோற்றிலும் பாகுபாடில்லாமல் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு ஆனி மாதத்தில், ஐஸ் பேக்டரி ரோட்டில் இருந்த கொண்டல் படகுப்பாய்க் கம்பெனி தான் நின்ற இடத்தை விட்டு, கிழக்கே கடலைப் பார்த்து நகர ஆரம்பித்தது. அதை முதலில் கண்டவர் எதிர்ப்பக்கத்து டீக்கடை காசியானந்தம். கம்பெனியின் நிழலில் போட்டிருந்த தன்னுடைய பெஞ்சு வெயிலுக்கு வந்துவிட்டதே என்று அண்ணாந்து பார்த்தவர், கையிலிருந்த டீயை ஒருதரம் ஆற்றி முடித்துவிட்டுத்தான் சொன்னார்.

"சலேத், உங்க கட்டடம் போவுது."

துணி வெட்டுகிற சலேத் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து வடையைத் தின்றுகொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார். "ஆமா, போவுது" என்றார். "சீனி கம்மியாப் போட்டு இன்னொரு டீ குடுங்க. குடிச்சிட்டுப் போய்ப் பிடிச்சிக்கிடலாம்."

கம்பெனி என்று பெயர்தானே தவிர, அது ஒரு நீளமான ஹால், ஐந்து தையல் மிஷின், படகுப்பாயை விரித்து வெட்டுகிற வழவழப்பான தரை, மொட்டைமாடியில் ஓர் இரும்புக் கம்பம், அவ்வளவுதான். பாய், கயிறு, கப்பி, மிதவைச் சட்டை என்று படகுக்கு வேண்டியதையெல்லாம் செய்து கொச்சிக்கும் கோவாவுக்கும் அனுப்புவார்கள். முதலாளி கிளமென்ட். அவருக்குக் கடலில் கால் வைத்தால் வாந்தி வரும் என்பதால் பாய்கள் செய்கிறவராக ஆனார். வெட்டுவது சலேத், மிஷின்களுக்கெல்லாம் தலைவி புஷ்பம் அக்கா. ஹாலுக்குப் பின்னால் ஒட்டியிருந்த இரண்டு அறையில் கிளமென்டின் தம்பி மனைவி பெர்னதெத், பிறந்து இன்னும் ஞானஸ்நானம்கூடக் கொடுக்காத பெண்பிள்ளையோடு இருந்தாள். அவள் புருஷன் ரோலண்டு சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான், எந்தக் கடலில் இருக்கிறான் என்பது அவன் போன் பண்ணும்போதுதான் தெரியும்.

அந்தக் கம்பெனியில் ஒரு முறை உண்டு. எந்தப் பாயிலும் கடைசித் தையலை அவர்கள் போடமாட்டார்கள். கீழ்மூலையில் ஒரு விரல் அகலத்துக்குப் பிரித்தே விட்டு, கோணூசியில் நூலையும் கோத்து, பாயோடு சேர்த்துச் சுருட்டி அனுப்புவார்கள். வாங்கினவர் தன் படகில் நின்று தன் கையால் அதைப் போட்டு முடித்தால்தான் பாய் அந்தப் படகைத் தன் படகு என்று எடுத்துக்கொள்ளும். எந்தத் தளத்தில் கடைசித் தையல் விழுகிறதோ அந்தத் தளத்துக்குத்தான் அது காற்றுப் பிடிக்கும். இதைப் புஷ்பம் அக்கா புதிதாக வருகிற பெண்களுக்கு முதல் நாளே, கழிவறை எந்தப்பக்கம் என்று காட்டுகிற அதே குரலில் சொல்லிவிடுவாள். யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை, மறந்ததும் இல்லை.

பெர்னதெத் மறந்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் உறங்கவில்லை, ஏனென்றால் பிள்ளை உறங்கவில்லை. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் தண்ணீர் குடிக்கவும் எழுந்து நின்று அனுமதி கேட்டுப் பழகியவள் அவள்; கைக்குழந்தை விஷயத்தில் யாரிடம் அனுமதி கேட்பது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் பயந்தாள். மின்விசிறி கழன்று விழுமோ, பல்லி தொட்டிலுக்குள் விழுமோ, பால் புரையேறுமோ, அவளுடைய கைதான் நழுவிவிடுமோ என்று பயந்தாள். பிள்ளை தப்பித்தவறி கண்ணை மூடினால் அது மூச்சுவிடுகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தாள், பார்க்கிற அவள் மூச்சு முகத்தில் பட்டே பிள்ளை எழுந்து வீறிட்டது. "நீயே எழுப்பிட்டு நீயே அழுதியேட்டி" என்று புஷ்பம் அக்கா திட்டினால், "உறங்குதா, வேற ஏதாவதான்னு எப்படிக்கா தெரியும்" என்பாள். நான் கண்ணசந்தால் இதற்கு ஏதாவது ஆகிவிடும். இந்த ஒரு நினைப்பு ஆணி அடித்த மாதிரி அவள் நெற்றிக்குள் இருந்தது. கையைச் சும்மா வைத்திருந்தால் தூக்கம் வந்துவிடும் என்று பகலெல்லாம் ஹாலுக்கு வந்து ஏதாவது தைத்துக்கொண்டிருந்தாள். அப்படித்தான் கொச்சிக்காரர் ஒருவருக்காக முடித்து வைத்திருந்த பெரிய வெள்ளைப் பாயின் கீழ்மூலை பிரிந்திருப்பதைக் கண்டு, ஐயோ விட்டுப்போய்விட்டதே என்று, ஒரு கையில் அழுகிற பிள்ளையோடு, மறு கையால் கோணூசியை எடுத்துக் கடைசித் தையலையும் போட்டு முடிச்சும் போட்டுவிட்டாள்.

வெளியே அனுப்புமுன் ஒருதரம் மொட்டைமாடிக் கம்பத்தில் ஏற்றி, காற்றில் பாயின் வயிறு சரியாக விழுகிறதா என்று பார்ப்பது வழக்கம். ஏற்றினார்கள். கச்சான் வந்தது. பாய் எட்டு மாதக் கர்ப்பிணி மாதிரி வயிறு தள்ளியது. கம்பெனி, அஸ்திவாரத்தோடு, மண்ணைத் தண்ணீராக எடுத்துக்கொண்டு, முன்பக்கம் விலக்கிப் பின்பக்கம் மூடிக்கொண்டே, சத்தமில்லாமல் ரோட்டுக்கு இறங்கியது.

டீயைக் குடித்துவிட்டு வந்து ஏறிக்கொண்ட சலேத் கீழ்மூலையைப் பார்த்தார். "இத யாரு போட்டா?"

"நான்தான் அண்ணே" என்றாள் பெர்னதெத்.

"அப்ப நீதான் பிரிக்கணும். போட்ட கை பிரிச்சாத்தான் பாய் இறங்கும்."

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். அப்போதுதான் கவனித்தாள், வீடு அமைதியாக இருந்தது. இத்தனை மாதமாக அவள் காதுக்குள் குடியிருந்த அழுகை இல்லை. ஓடினாள். தொட்டிலில் பிள்ளை வாயைத் திறந்து, கைகளை இரண்டு பக்கமும் எறிந்து, ஊர்ச்சொத்தையெல்லாம் எழுதி வாங்கிவிட்ட பெரிய மனுஷி மாதிரி உறங்கிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். பிள்ளை அசையவில்லை, சுவர்கள் மட்டும் மெதுவாக இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் அசைந்துகொண்டிருந்தன.

அன்றைக்கு ஊர் சொல்கிறதே என்று தையலைப் பிரித்தாள். கம்பெனி ஐஸ் பேக்டரி கேட்டுக்கு நேராக நின்றது, அது நின்ற அதே நொடியில் பிள்ளை வீறிட்டது. அழுதது. பாலுக்கும் நிற்கவில்லை, பாட்டுக்கும் நிற்கவில்லை, பங்குச்சாமியார் வந்து நெற்றியில் சிலுவை போட்டதற்கு அவர் கையிலேயே மூத்திரம் பெய்துவிட்டு அதன் பிறகும் அழுதது. பெர்னதெத் யாரிடமும் அனுமதி கேட்காமல் மாடிக்குப் போய், மறந்து அல்ல, நன்றாகத் தெரிந்தே, அதே துளையில் அதே தையலை மறுபடி போட்டாள்.

அப்படித்தான் அது நடைமுறையாயிற்று. பிள்ளைக்கு உறக்கம் வேண்டுமானால் தையல் விழும், கம்பெனி நகரும். அது விழித்துப் பால் குடிக்கிற நேரத்துக்குத் தையல் பிரியும், கம்பெனி நிற்கும். கஷ்டம் ஒன்றே ஒன்றுதான். கச்சான் ஒரே பக்கமாகத்தான் வீசும், ரோடு ஒரே பக்கமாகத்தான் போகும், அந்தப் பக்கத்தின் முடிவில் கடல் இருந்தது. பிள்ளை உறங்குகிற ஒவ்வொரு உறக்கத்துக்கும் கடல் ஒரு வீடு, இரண்டு வீடு என்று கிட்டே வந்தது. பெர்னதெத் ஜன்னலில் நின்று, இன்றைக்கு உறங்க வைக்கலாமா வேண்டாமா என்று, உலகத்தில் எந்தத் தாயும் போடாத கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு அந்தக் கவலை இல்லை. ஊர் இரண்டே நாளில் பழகிக்கொண்டது. மாதா தேர் வருகிறபோது மூங்கில் கழியால் மின்கம்பிகளைத் தூக்கிப்பிடிக்கிற லைன்மேன் இக்னேசி, யாரும் கூப்பிடாமலே கழியோடு வந்து கம்பெனிக்கு முன்னால் நடந்தான். காசியானந்தம் பாய்லரைத் தள்ளுவண்டியில் ஏற்றி, தன் பழைய நிழலைத் தொடர்ந்துகொண்டே போனார். வழியிலிருந்த வீட்டுப் பெண்கள் தங்கள் மொட்டைமாடியிலிருந்தே பாயின் கயிறுகளில் ஈரத்துணியைக் காயப்போட்டு, அடுத்த தெருவில் எடுத்துக்கொண்டார்கள். கதவிலக்கம் ஒட்டியிருந்த தகரத்தைத் தபால்காரர் கழற்றி சைக்கிளில் மாட்டிக்கொண்டு, கம்பெனி எங்கே நிற்கிறதோ அங்கே அதை மாட்டிவிட்டுத் தபாலைக் கொடுத்தார். வார்டு மெம்பர் வந்து, எந்த வார்டில் நின்றாலும் ஓட்டு பழைய வார்டில்தான் என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனார். பங்குச்சாமியார்தான் கொஞ்சம் குழம்பினார். ஐஸ் பேக்டரியைத் தாண்டினால் அடுத்த பங்கு, அடுத்த கோயிலின் எல்லை. பிள்ளையோ இன்னும் பேர் வைக்காத பிள்ளை, எந்தக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுப்பது? கட்டடத்தின் முன்வாசல் ஒரு பங்கிலும் தொட்டில் இன்னொரு பங்கிலுமாக ஒரு மதியம் முழுக்க நின்றபோது இரண்டு கோயிலிலும் மணியடிக்கிற கோயில்பிள்ளைகள் ரோட்டில் கோடு போட்டுச் சண்டை பிடித்தார்கள்.

கொச்சிக்காரரும் வந்தார். வர்கீஸ் என்று பெயர், குடையோடு கம்பெனிக்குப் பக்கத்திலேயே நடந்துகொண்டு, "இது எண்ட பாயாணு" என்றார்.

"உங்க பாய்தான். ஆனா இப்ப இதுக்கு நாங்கதான் படகு" என்றார் சலேத், ஜன்னலில் சாய்ந்து. "வேற தச்சுத் தாரோம். உள்ள வாங்க, நடந்தா கால் வலிக்கும்."

அவர் ஏறினார், ஹாலில் பாய்த்துணிச் சுருள்மேல் உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே உறங்கிப்போய்த் தன் ரயிலை விட்டார். எழுந்ததும் இதே துணியில் இதே ஆட்டம் வருகிற மாதிரி இரண்டு பாய் வேண்டும் என்றார்.

கிளமென்டுக்குத் தலைகால் புரியவில்லை. "பாய் செய்யுத கம்பெனி எத்தனையோ இருக்கு. தானே ஓடுத கம்பெனி எவன்ட்ட இருக்கு?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டார். கடலுக்குள் இறங்குகிற அன்றைக்கு பேண்டு வைப்பதாகவும், புதுப்படகுக்குச் செய்கிற மாதிரி சாமியாரை வைத்து மந்திரிப்பதாகவும் ஏற்பாடு செய்தார். "அத்தான், கடல்ல இறங்குனா முங்கிரும்" என்றாள் பெர்னதெத்.

"மண்ணுல முங்குச்சா? மண்ணு கனமா, தண்ணி கனமா? படிச்ச பிள்ள, நீயே சொல்லு."

அவள் ஜன்னலுக்குப் போய்க் கடலுக்கு இன்னும் எத்தனை வீடு என்று எண்ணினாள். புருஷன் போன் பண்ணினான். அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காத்து எந்தப் பக்கம்?" என்றான்.

"மேக்க."

"வேகம்?"

"டீக்கடைக்காரர் வண்டியத் தள்ளிக்கிட்டே பேசிட்டு வாராரு."

"அது நல்ல வேகம்தான். பிள்ள என்ன செய்யுது?"

"உறங்குது."

"உறங்குதா?" என்றான் ரோலண்டு, தாழ்ந்த குரலில். "அப்ப நிறுத்திராத."

ரோடு முடிந்தது. அதற்கப்புறம் கடற்கரைச் சாலை குறுக்கே கிடந்தது. அதைத் தாண்டினால் கருவாடு காயப்போடுகிற மணல், மணலுக்கப்புறம் கடல். கம்பெனி சாலை விளிம்பில் வந்து நின்றபோது இனி ஒரு உறக்கத்துக்குக்கூடத் தரை பாக்கி இல்லை என்று பெர்னதெத் தெரிந்துகொண்டாள். பிள்ளையை விழிக்க வைத்தே வைத்திருந்தாள். காலையும் மதியமும் தோளில் போட்டு நடந்தாள். பிள்ளை அழுது அழுது குரல் கம்மி, உதடு நீலம் பாரித்து, அழுகைக்கு நடுவே மூச்சை உள்ளே இழுத்து விடாமல் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் அது மறுபடி மூச்சு விடுகிறவரை பெர்னதெத்தும் மூச்சு விடவில்லை. இது உறங்காவிட்டால் செத்துப்போகும், உறங்கினால் கடலுக்குள் போகும். மணலில் பேண்டுக்காரர்கள் உட்கார்ந்து கருவாட்டுக்காரியிடம் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாமியார் தீர்த்தச் செம்போடு நின்றார். கிளமென்ட் வாந்திக்கு முன்னெச்சரிக்கையாக எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தார்.

பெர்னதெத் பிள்ளையைப் புஷ்பம் அக்காவிடம் கொடுக்காமல், இடுப்பிலேயே இடுக்கிக்கொண்டு, மாடியேறித் தையலைப் போட்டாள்.

பாய் வயிறு தள்ளியது. பிள்ளை அவள் தோளில் அப்படியே தொய்ந்து உறங்கிற்று. கம்பெனி சாலையில் இறங்கியது, பேண்டு முழங்கியது. பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, வெளியே போகும் வழியைத் தேடுகிறவள் மாதிரி அவள் பின்பக்கம் ஓடி அடுப்படிக் கதவைத் திறந்தாள். திறந்த வேகத்தில் கதவு வெளியே வீசிப் போனது. வீசிய கதவின் அடிவிளிம்பு மண்ணைக் கீறியது. கீறியதும் கம்பெனி, மூக்கணாங்கயிற்றைச் சுண்டின மாடு மாதிரி, முகத்தை லேசாக வடக்கே திருப்பியது.

அவள் கதவைப் பார்த்தாள். இழுத்துச் சாத்தினாள். கம்பெனி கடலைப் பார்த்துத் திரும்பியது. தள்ளினாள். வடக்கே திரும்பியது.

"சலேத் அண்ணே" என்று கூப்பிட்டாள். "இது திரும்புது."

மாடியிலிருந்து எட்டிப்பார்த்த சலேத், இத்தனை நாள் தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார். பாய் செய்தார்களே தவிர, அந்தக் கம்பெனியில் யாரும் சுக்கான் செய்ததில்லை. சுக்கான் அடுத்த தெரு ஆசாரி வேலை. "நல்லாத் தள்ளிப் பிடிட்டி! நான் பாயைச் சரிச்சு விடுதேன். குறுக்குக் காத்துல ஓடும்" என்று கயிற்றை இழுத்தார். பெர்னதெத் முதுகைக் கொடுத்துக் கதவைத் தள்ளினாள். முன்வாசல்படி மணலைத் தொட்டது, ஒரு கூடைக் கருவாட்டைக் கவிழ்த்தது, அதற்கப்புறம் கம்பெனி கடலை வலதுபக்கமாக வைத்துக்கொண்டு, கடற்கரைச் சாலையில் வடக்கே பார்த்துப் போனது. சாமியார் தெளித்த தீர்த்தம் வெறும் மணலில் விழுந்தது. கிளமென்ட், "கடல் அந்தப் பக்கம்லா" என்று கையைக் காட்டினார்.

"தெரியும் அத்தான்" என்றாள் அவள்.

சாலையின் வடக்கு முனையில் கதவை மறுபக்கம் இழுத்துப் பிடித்தால் கம்பெனி திரும்பித் தெற்கே வந்தது, தெற்கு முனையில் மறுபடி வடக்கே. அவள் கதவை விடவில்லை. விட்டால் அது தானாகச் சாத்திக்கொள்ளும், சாத்திக்கொண்டால் கடல். அன்று மாலையும், மறுநாளும், அதற்கு மறுநாளும், பிள்ளை உறங்குகிற நேரமெல்லாம் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புஷ்பம் அக்கா சோற்றை உருட்டி வாயில் கொடுத்தாள். ரோட்டோரத்தில் தூங்காத பிள்ளைகளோடு பெண்கள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். ஐஸ் பேக்டரிக் குமாஸ்தாவின் மகள் ஹில்டா இரட்டைப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, ஒரு தடவ மட்டும் போய்ட்டு வாரோம்" என்றாள். சொல்லிக்கொண்டே கம்பெனியின் வேகத்துக்கு ஓடி ஏறினாள். பிறகு உப்பளத்துக்காரிகள் வந்தார்கள். மேற்குத்தெருவிலிருந்து பர்தா போட்ட ஒரு பெண், பிள்ளையைவிட அதிகமாகத் தான் அழுதுகொண்டு வந்தாள். வெட்டுகிற தரையில் பாய்த்துணியை விரித்துப் பிள்ளைகளை வரிசையாகக் கிடத்தினார்கள். கிளமென்ட் அவர்களைத் தாண்டித் தாண்டித் தன் மேஜைக்குப் போனார், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு.

பெர்னதெத்துக்குத் தோள் இறங்கிப்போயிற்று. கண்ணுக்குள் மணல். ஒருதரம் நின்றபடியே கண் சொக்கி, கதவு ஒரு சாண் நழுவி, கம்பெனி கடல்பக்கம் மூக்கை நீட்டியது. வாசல்படிக்கு அலை வந்து போனது. அவள் அலறிப் பிடித்துத் திருப்பினாள்.

"கொண்டா இங்க" என்றாள் புஷ்பம் அக்கா.

"வேண்டாங்க்கா. உங்களுக்குத் தெரியாது. நழுவிரும்."

"உனக்குந்தான் இப்ப நழுவுச்சு."

"நான் கண்ண மூடுனா ஏதாவது ஆயிரும்க்கா."

"ஆனா என்ன, நாங்க இத்தன பேரு முழிச்சுக்கிட்டுத்தான இருக்கோம்? நீ என்ன, உலகத்துலயே ஒரு கண்ணு உன்கிட்டத்தான் இருக்குன்னு நெனச்சியா?" புஷ்பம் அக்கா அவள் விரல்களைக் கதவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள், துணியில் மாட்டிய ஊசிகளை எடுக்கிற மாதிரி. எடுத்த இடத்தில் ஹில்டா வந்து தன் கையை வைத்தாள். அதற்குமேல் மேற்குத்தெருப் பெண், கண்ணைத் துடைத்துவிட்டு, தன் கையை வைத்தாள். கதவு ஒருதரம் நடுங்கியது. பெர்னதெத்தின் உடம்பு முழுக்கக் காதாகிக் கேட்டுக்கொண்டிருந்தது. கம்பெனி நேராகப் போனது.

அவள் அங்கேயே, அடுப்படித் தரையில், அரிசிமூட்டையில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தாள். ஒரு கண்ணை மூடினாள். மற்றதைத் திறந்தே வைத்திருந்தாள். அது யாருடைய அனுமதிக்காகவோ காத்திருந்துவிட்டு, அதுவாகவே மூடிக்கொண்டது.

கடற்கரைச் சாலையில் மதிய வெயில் ஏறி, வெள்ளைப் பாய் கண்ணைக் கூச வைத்தது. கம்பெனிக்குப் பின்னால் உப்பு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. மதுரைப்பக்கத்து டிரைவர் ஒருவன் பொறுக்கமாட்டாமல் ஹாரனில் கையை வைக்கப் போனபோது, கழியால் கம்பியைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் நடந்த இக்னேசி, திரும்பி ஓடிவந்து உதட்டில் விரலை வைத்தான்.

"என்னய்யா, பிள்ளை தூங்குதா?" என்றான் டிரைவர்.

"பிள்ளைக எல்லாம் முழிச்சுதான் இருக்கு. கைமாத்திக் கைமாத்தி வச்சி வெளையாடிட்டு இருக்காளுவ" என்றான் இக்னேசி, தாழ்ந்த குரலில். "பிள்ளையோட அம்மாதான் உறங்குறா."

டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்தான். பிறகு என்ன நினைத்தானோ, எஞ்சினையும் அணைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றான்.